திரிக்லாவ் மலையில் தண்ணீர் ஏன் இவ்வளவு விலை?

ஐரோப்பாவில் உள்ள ஸ்லோவேனியாவின் மிக உயரமான மலை திரிக்லாவ், 2,864 மீட்டர். அதன் தோளில், 2,515 மீட்டர் உயரத்தில், கிரெடரிட்சா என்ற இடத்தில் ஒரு பெரிய மலைவிடுதி இருக்கிறது. ஐந்தாறு மணி நேரம் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள அங்கே போய்ச் சேர்கிறவர் முதலில் கேட்பது தண்ணீர். முதலில் திடுக்கிடுவதும் தண்ணீர் பாட்டிலின் விலையைப் பார்த்துத்தான். அடிவாரக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைப்பது இங்கே பல மடங்கு. குளியல்? அந்தப் பேச்சே கிடையாது. முகம் கழுவ ஒரு சொம்பு கிடைத்தால் பெரிய விஷயம்.

சுற்றுலாப் பயணியிடம் கறக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. அந்த ஒரு பாட்டிலுக்குப் பின்னால் உள்ள கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால், சாகசப் பயணத்துக்குப் பேர்போன இந்தச் சின்ன நாடு எப்படி இயங்குகிறது என்பதே விளங்கிவிடும்.

நாடு உண்மையிலேயே சின்னதுதான். 20,273 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுமார் 21 லட்சம் மக்கள். நிலத்தில் பாதிக்கும் மேல் காடு. வடமேற்கில் யூலியன் ஆல்ப்ஸ் மலைகள், தென்மேற்கில் ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் ஒரு துண்டு, தெற்கே கரடிகள் திரியும் அடர்காடு. காரில் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். விளம்பரப் படங்களில் இதைத்தான் காட்டுகிறார்கள். கூடவே ‘மனிதக் கை படாத இயற்கை’ என்று ஒரு வரியையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. இங்கே மனிதக் கை படாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். யூலியன் ஆல்ப்ஸ் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. மழைநீரில் லேசாகக் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்தப் பாறையை அரிக்கும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக அரித்து அரித்து, மலை முழுக்க வெடிப்பும் பொந்துமாகிவிட்டது. இப்படிப்பட்ட நிலத்தை உலகம் முழுவதும் கார்ஸ்ட் என்கிறார்கள். அந்தச் சொல்லே ஸ்லோவேனியாவின் தென்மேற்கில் உள்ள கிராஸ் மேட்டுநிலத்தின் பேரிலிருந்து பிறந்ததுதான். மேலே எவ்வளவு மழை கொட்டினாலும், பனி உருகினாலும், தண்ணீர் நிற்காது. சல்லடையில் ஊற்றியதுபோல உள்ளே போய்விடும். அப்புறம் ஆயிரம் மீட்டர் கீழே, யாரும் எதிர்பாராத இடத்தில், பாறைச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். போஹின் ஏரிக்குப் பக்கத்தில் சாவிட்சா அருவி அப்படித்தான். செங்குத்துப் பாறையின் நடுவிலிருந்து, யாரோ குழாயைத் திறந்துவிட்டதுபோல, தண்ணீர் பீறிட்டு விழுகிறது. சோச்சா ஆறு பிறப்பதும் ஒரு குகைக்குள்ளிருந்துதான்.

ஆக, கீழே பள்ளத்தாக்கில் எங்கு பார்த்தாலும் பச்சைப் பசேலென்று ஆறும் ஏரியும். மேலே, குடிக்க ஒரு வாய் ஊற்றுநீர் கிடையாது. விடுதிகள் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மற்றதெல்லாம் கீழிருந்து வர வேண்டும். சில விடுதிகளுக்குச் சரக்குக் கம்பிவடம் இருக்கிறது, சிலவற்றுக்குக் குதிரை. கிரெடரிட்சா போன்ற உயரத்துக்கு ஹெலிகாப்டர்தான். அந்த பாட்டில் தண்ணீரின் விலையில் பெரும்பங்கு ஹெலிகாப்டரின் எரிபொருள். காலி பாட்டிலைக் கீழே கொண்டுபோவது உங்கள் பாடு. விடுதிகளில் குப்பைத் தொட்டியைத் தேடாதீர்கள். கொண்டுவந்தவரே திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அங்கே வழக்கம்.

விடுதிக்குள் ஒருமுறை எட்டிப் பார்ப்போம். வாசலைத் தாண்டியதும் காலணி அடுக்கு. சேறு படிந்த பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் பொதுச் செருப்பு ஒரு ஜோடியை மாட்டிக்கொள்ள வேண்டும். அளவு பொருந்தினால் அதிர்ஷ்டம். உள்ளே நீளமான மர மேசைகள். யார் பக்கத்தில் யார் என்ற கணக்கில்லாமல் உட்காருகிறார்கள். பெரிய கோப்பையில் மூலிகைத் தேநீர், பார்லியும் பீன்ஸும் சேர்த்துக் குழைய வேகவைத்த ‘ரிச்செட்’ என்ற கெட்டிக் கஞ்சி, இல்லையென்றால் புளித்த முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட ‘யோட்டா’. மூலையில் ஒரு சிறு மேசை, அதில் மைப்பெட்டி, ரப்பர் முத்திரை. வந்தவர்கள் ஏறிய இடங்களைப் பதிந்துவைக்கும் தங்கள் சின்னப் புத்தகத்தை எடுத்து, முத்திரையை வாயால் ஒருமுறை ஊதி ஈரப்படுத்தி, அழுத்திக் குத்துகிறார்கள். எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுக் குழந்தையும் இதை ஒரே அக்கறையோடு செய்வதைப் பார்க்கலாம். படுக்கை பெரும்பாலும் மாடியில் வரிசையாகப் போட்ட மெத்தைகள். விரிப்புறை நீங்கள் கொண்டுபோக வேண்டும். இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும். குறட்டைக்கு மட்டும் விதி எதுவும் கிடையாது.

இந்த விடுதிகள் யாருடையவை என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலும் ஓட்டல் நிறுவனங்களுடையவை அல்ல. நாடு முழுவதும் ஏறத்தாழ 300 மலைச் சங்கங்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர், சில இடங்களில் தொழிற்சாலைக்கு ஒன்று. அவற்றுக்கெல்லாம் மேலே ஸ்லோவேனிய மலை ஏற்றக் கூட்டமைப்பு. சுமார் 180 விடுதிகளும் தங்குமிடங்களும், 10,000 கிலோமீட்டருக்குமேல் நடைபாதைகளும் இந்தச் சங்கங்களின் பொறுப்பு. அங்கத்தினராக இருந்தால் படுக்கைக்குத் தள்ளுபடி. பாதைகளைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். வாரநாளில் பள்ளிக்கூடத்திலோ பட்டறையிலோ வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள்.

இது எப்படி வந்தது என்றால், ஒரு சண்டையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்லோவேனியா என்று தனி நாடு இல்லை. ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதி. மலைகளில் விடுதி கட்டியதும், பாதை போட்டதும், வழிகாட்டிப் பலகை நட்டதும் பெரும்பாலும் ஜெர்மன் பேசும் ஆல்ப்ஸ் சங்கத்தார். பலகைகளும் ஜெர்மன் மொழியிலேயே இருந்தன. தங்கள் மலைக்குத் தங்கள் மொழியில் பேர் இல்லை என்பது ஸ்லோவேனியர்களுக்கு உறுத்தியது. 1893இல் அவர்கள் சொந்தமாக ஒரு மலைச் சங்கம் தொடங்கினார்கள். அடிவாரத்தில் உள்ள டோவ்யே கிராமத்துப் பாதிரியார் யாகோப் அல்யாஷ் இன்னும் ஒரு படி மேலே போனார். கிராம சபையிடம் பேசி, திரிக்லாவ் உச்சியில் 16 சதுர மீட்டர் நிலத்தை விலைக்கு வாங்கினார். விலை அன்றைய நாணயத்தில் ஒரு கில்டன் என்று சொல்வார்கள். 1895 ஆகஸ்ட் 7ஆம் தேதி, தகரத் தகடுகளைப் பகுதி பகுதியாக மேலே சுமந்துகொண்டு போய், ஓர் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு குட்டிக் கோபுரத்தை நட்டுவிட்டார்கள். உச்சி அவர் சொத்து, யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு அதைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். மறு ஆண்டே கிரெடரிட்சாவில் விடுதியும் எழுந்தது. பேரரசை எதிர்க்கத் துப்பாக்கி எடுக்காமல் ஒரு பாதிரியார் பத்திரம் பதிந்தார் என்பது எனக்கு எப்போதும் ரசிக்கத்தக்க விஷயமாகவே இருக்கிறது.

அந்தத் தகரக் கோபுரம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2018இல் ஹெலிகாப்டரில் கீழே இறக்கி, பழுது பார்த்து, திரும்பக் கொண்டுபோய் வைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் இடையிலான எல்லைக்கோடு இந்த உச்சி வழியாகவே போனது. இரண்டாம் உலகப் போரில் விடுதலைப் படையினர் மூன்று முனைகொண்ட தொப்பி அணிந்தார்கள். திரிக்லாவ் என்றால் ‘மூன்று தலை’ என்று பொருள். 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து நாடு பிறந்தபோது கொடியில் மலை ஏறிக்கொண்டது. இன்று 50 சென்ட் நாணயத்திலும் இருக்கிறது. உண்மையான ஸ்லோவேனியர் என்றால் வாழ்நாளில் ஒருமுறையாவது திரிக்லாவ் ஏறியிருக்க வேண்டும் என்பது அங்கே சாதாரணப் பேச்சு. முதல்முறை உச்சி தொடுகிறவருக்குக் கூட வந்தவர்கள் கயிற்றால் பின்புறத்தில் விளையாட்டாக நாலு அடி வைப்பார்கள். மலை ஏற்றிவிட்ட கையோடு அடியும் கொடுக்கிற ஊர்!

இந்தப் பின்னணி தெரியாவிட்டால், ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமையில் உச்சிக்குப் போகும் கூர்முகட்டில் ஏன் திருவிழா வரிசை என்று புரியாது. அந்த முகடு விளையாட்டு இல்லை. இரண்டு பக்கமும் அதலபாதாளம். பாறையில் இரும்பு முளைகள் அடித்து, எஃகு வடம் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஹெல்மெட், இடுப்புவார், வடத்தில் மாட்டிக்கொள்ள இரண்டு கொக்கிகள், இவை இல்லாமல் போவது முட்டாள்தனம். ஆனால் உள்ளூர்த் தாத்தா ஒருவர் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் கடந்து போவார். அவரைப் பார்த்து நாமும் வீசிக்கொண்டு போகக் கூடாது. அவர் அறுபது வருஷமாக ஏறுகிறவர்.

மலை முழுக்க உங்களை வழிநடத்துவது ஒரே ஒரு அடையாளம்: வெள்ளைப் பொட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். மரத்திலும் பாறையிலும் உள்ளங்கை அளவுக்கு வரைந்திருப்பார்கள். அலோய்ஸ் கினாஃபெல்ட்ஸ் என்பவர் 1922இல் வகுத்த முறை. மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதபோது, சாம்பல் பாறையில் அந்தச் சிவப்பு வளையத்தைக் கண்டால் வரும் நிம்மதி இருக்கிறதே, அது தனி. பாதைகளை எளிது, கடினம், மிகக் கடினம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வெளிநாட்டவர் தடுமாறுவது இங்கேதான். ‘கடினம்’ என்றால் மூச்சு வாங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல; சில இடங்களில் பாதுகாப்புக்குக் கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். ‘மிகக் கடினம்’ என்றால் கை வழுக்கினால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

வழுக்கினால் வருவதும் தன்னார்வலர்களே. மலை மீட்புப் படை 1912இல் கிரான்ஸ்கா கோரா ஊரில் தொடங்கியது. மருத்துவரோடு காவல்துறை அல்லது ராணுவ ஹெலிகாப்டர் பறந்து வரும். தரையில் வருபவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மீட்கப்பட்டவருக்குப் பொதுவாக பில் வராது, பொதுப்பணத்தில்தான் நடக்கிறது. பெருமைப்படத்தக்க ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பயண நிறுவனங்கள் விற்கும் ‘சாகசம்’ என்ற சரக்கின் பாதிச் செலவை, பாதை வரைகிறவரும் தூளியில் காயம்பட்டவரைச் சுமக்கிறவரும் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படி ஊர்தோறும் சங்கம் வைத்து வளர்ந்த ஒரு கூட்டம் இமயமலைக்குப் போனபோது என்ன ஆனது என்பதும் இதே கதையின் தொடர்ச்சி. 1979 மே மாதம் யூகோஸ்லாவியப் பயணக் குழு ஒன்று எவரெஸ்ட்டின் மேற்கு முகட்டை அடி முதல் நுனி வரை நேராக ஏறியது. முதலில் உச்சி தொட்ட ஆந்த்ரே ஷ்ட்ரெம்ஃபெல், நெய்ட்ஸ் சப்லோட்னிக் இருவரும் ஸ்லோவேனியர்கள். அதே ஆண்டு, ஆலெஷ் குனாவெர் முயற்சியில் நேபாளத்தின் மனாங்கில் மலை வழிகாட்டிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் டாவோ கர்னிச்சார் எவரெஸ்ட் உச்சியிலிருந்து முகாம் வரை பனிச்சறுக்கிலேயே இறங்கினார். சறுக்குக் கட்டையைக் கழற்றாமல் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர்தான்.

சரி, மலையை விட்டு ஆற்றுக்கு இறங்குவோம்.

சோச்சாவின் நிறத்தை நம்பாதவர்கள் நிறையப் பேர். படத்தில் கலர் ஏற்றியிருக்கிறார்கள் என்பார்கள். நேரில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது, மரகதத்தைக் கரைத்து ஊற்றியதுபோல. சுண்ணாம்புப் பாறைதான் இங்கேயும் காரணம். வெள்ளைக் கற்படுகை, வண்டல் இல்லாத தெளிந்த குளிர்நீர். ஆற்றின் மொத்த நீளம் 140 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொவெட்ஸ் ஊரைச் சுற்றியுள்ள பகுதிதான் ரப்பர் படகில் போகும் ராஃப்டிங், ஒடுக்கமான துடுப்புப் படகான கயாக், ஓடைப்பள்ளங்களில் கயிறு கட்டி இறங்கும் கேன்யனிங் எல்லாவற்றுக்கும் மையம். காலையில் அந்த ஊர்ச் சதுக்கத்தில், பத்துப் பதினைந்து பேர் ரப்பர் உடையை இடுப்புவரை ஏற்றிக்கொண்டு, மேல்பாதி வாலைப்போலத் தொங்க, வேன் வருவதற்காகக் காத்துக்கொண்டு நிற்பார்கள். கோடை வெயில் சுட்டெரிக்கும். தண்ணீரில் காலை வைத்தால் எலும்பு வரை ஜில்லென்று ஏறும்.

இதே ஆற்றை இத்தாலியர்கள் இசோன்சோ என்பார்கள். 1915 முதல் 1917 வரை இந்தக் கரையில் 12 போர்கள் நடந்தன. இத்தாலியப் படை பதினொருமுறை மோதியும் உடைக்க முடியாத போர்முனையை, 1917 அக்டோபர் 24 அன்று ஜெர்மன், ஆஸ்திரிய–ஹங்கேரியப் படைகள் கொபாரிட் அருகே உடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்தன. லட்சக்கணக்கானோர் இந்த முனையில் மாண்டார்கள். கொபாரிட்டில் உள்ள போர் அருங்காட்சியகம் சின்னதுதான், ஆனால் அரை நாளை விழுங்கிவிடும்.

இன்று மலையேறுபவர் கால்வைக்கும் பாதைகளில் கணிசமானவை அந்தப் போர் போட்டவை. கிரின் மலைப் பக்கம் ஏறும்போது, பாதை ஏன் இவ்வளவு சீரான சாய்வில், அகலமாக, வளைந்து வளைந்து போகிறது என்று தோன்றும். பீரங்கியும் உணவும் சுமந்த கோவேறு கழுதைகளுக்காகப் போட்டது அது. 1,611 மீட்டர் உயர விர்ஷிச் கணவாயைக் கடக்கும் சாலை, 50 கொண்டை ஊசி வளைவுகளோடு, பைக் ஓட்டுகிறவர்களின் சொர்க்கம். அதைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க் கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு வந்து அவர்களில் பலரை மூடியது. உயிர் பிழைத்தவர்கள் கட்டிய மரத் தேவாலயம் சாலையோரத்தில் இருக்கிறது. வளைவுகளை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் போகலாம். இன்னொன்று: 2022 ஜூலையில் கிராஸ் பகுதியில் காட்டுத்தீ பிடித்தபோது, நூறு வருஷமாக மண்ணுக்குள் கிடந்த குண்டுகள் சூட்டில் வெடிக்க ஆரம்பித்தன. துருப்பிடித்த இரும்பு எதையாவது பாதையோரத்தில் கண்டால் எடுத்துப் பார்க்காதீர்கள்.

ஆற்றுக்கும் விதிகள் கறாராக உண்டு. மார்ச் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் படகு விடலாம். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். குறித்த துறைகளில்தான் இறங்கவும் ஏறவும் முடியும். சொந்தக் கயாக் வைத்திருக்கும் பலருக்கு இது எரிச்சல். இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம் மீன்! சோச்சாவின் பளிங்கு டிரவுட், உடல் முழுக்கச் சலவைக்கல் வரிகள்போலக் கோலம்கொண்ட பெரிய மீன், ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் ஆறுகளில் மட்டும் வாழ்வது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பழுப்பு டிரவுட்டோடு கலந்து, சுத்தமான இனம் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அருவிகளுக்கு மேலே, வெளிமீன் ஏற முடியாத சில ஓடைகளில் கலப்பில்லாத கூட்டங்கள் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்துத்தான் டோல்மின் ஊர்த் தூண்டில்காரர் சங்கமும் ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக இனத்தை மீட்டெடுத்து வருகிறார்கள். மீன் முட்டையிடும் சரளைப் படுகையில் ரப்பர் படகை இழுத்துக்கொண்டு நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இப்போது பெரிய தலைவலி கூட்டம். திரிக்லாவ் தேசியப் பூங்கா இன்றைய வடிவில் 1981இல் வந்தது, பரப்பு 840 சதுர கிலோமீட்டர் அளவு. உள்ளே நினைத்த இடத்தில் கூடாரம் போடக் கூடாது. நாடு முழுவதுமே அப்படித்தான், போட்டால் அபராதம். பிளெட் ஏரிக்கரையில் கோடையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஆளை மேலே ஏறாமல் பக்கவாட்டில் திருப்பிவிடலாம் என்று யோசித்து, 2019இல் யூலியானா பாதையைத் திறந்தார்கள். திரிக்லாவைச் சுற்றி 270 கிலோமீட்டர், 16 நாள் நடை. உச்சி எதையும் தொடாது. கிராமத்திலிருந்து கிராமத்துக்குப் போய், வீடுகளில் தங்கி, பாலாடைக்கட்டி சாப்பிட்டுக்கொண்டு நடக்கலாம். முதல்முறை போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். உச்சியை ஒரு தரம் தொட்டு வருவதைவிட, இந்த மலை எத்தனை பேர் கையால் நிற்கிறது என்பது இதில் நன்றாகத் தெரியும். நீண்ட நடை வேண்டுமென்றால் 1953 முதல் இருக்கும் ஸ்லோவேனிய மலைப் பாதை உண்டு, மாரிபோரிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். முத்திரைப் புத்தகப் பழக்கம் வேரூன்றியதும் அதன் வழியாகத்தான். சிலர் வாரக்கடைசிகளில் விட்டுவிட்டு நடந்து முடிக்க இருபது வருஷம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏறுவதற்குச் சரியான காலம் ஜூலையிலிருந்து செப்டம்பர் நடு வரை. மேல்விடுதிகள் அப்போதுதான் திறந்திருக்கும். மதியத்துக்குமேல் இடி மழை வரும், எஃகு வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அது நேரமில்லை. ஆகவே விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். பனியோ ஜூன் வரைகூட நிற்கும். கிரெடரிட்சாவில் வானிலை நிலையம் இருப்பதால் கணக்குத் துல்லியமாக இருக்கிறது: 2001 ஏப்ரலில் அங்கே பனி 7 மீட்டர் உயரத்துக்குக் கிடந்தது.

அதே விடுதியின் வாசலில் நின்றுகொண்டு, திரிக்லாவின் வடகிழக்குச் சரிவைப் பார்த்தால், பாறை மடிப்பில் ஓர் அழுக்கு வெள்ளைத் திட்டு தெரியும். பெரும்பாலானோர் உருகாமல் மிஞ்சிய பனி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். அது பனியாறு. 1946இல் அளக்கத் தொடங்கியபோது 14 ஹெக்டேருக்குமேல் இருந்தது. இன்று அரை ஹெக்டேர்கூட இல்லை. ஆய்வாளர்கள் இன்னும் வருஷா வருஷம் அளவுநாடாவும் கருவிகளுமாக ஏறி வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள்.